மந்திரித்த எஞ்சின் ஒயில்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பிரியும் இடத்துக்குக் கிட்ட என் கடை இருக்கிறது. வாகனச் சாமான்கள், பற்றரித் தண்ணீர், கண்ணாடி துடைக்கும் றப்பர், எஞ்சின் ஒயில் எல்லாம் விற்கிறேன். என் பெயர் கேதீஸ்வரி. வீட்டுக்காரர் வயல் வட்டையில் வேளாண்மையைப் பார்க்கிறார், நான் கடையைப் பார்க்கிறேன். அவருக்கு மழை பிந்தினால் கவலை. எனக்கோ வருகிறவர்களெல்லாம் கேட்கும் ஒரே கேள்வியால் தலையிடி. "அக்கா, எந்தக் கொம்பனி ஒயில் நல்லது?"

சிவப்புக் கானும் என்னிடம் உண்டு, பச்சைக் கானும் உண்டு. இரண்டும் சிந்தெடிக் ஒயில்தான். ஒன்றை நல்லது என்றால் மற்றதை வாங்கியவன் முகத்தைச் சுளிப்பான். அதனால் உள்ளதைச் சொல்வேன். உன் காருக்குச் சொன்ன இலக்கம் கானில் இருக்கிறதா என்று பார், காலத்துக்கு மாற்று, பெயரை வைத்து மண்டையை உடைக்காதே. இதைக் கேட்டு ஒருவனாவது சந்தோஷமாகப் போனதில்லை. அவர்களுக்கு வேண்டியது விடையல்ல, கட்சி.

சிவப்புக் கட்சிக்குத் தலைவன் சில்வெஸ்டர்.

தன்னாமுனையில் வாவிக்கரையோரம் பிறந்தவன். தகப்பன் மீன்பிடிகாரர். ஆனால் மகனுக்குத் தோணியில் கால் வைத்தாலே குமட்டும். வாவியில் அப்படி என்ன அலை என்று கேட்காதீர்கள், அவனுக்குக் குமட்டும், அவ்வளவுதான். தகப்பனும் பார்த்துப் பார்த்து, இவன் தரைக்குப் பிறந்தவன் என்று கைகழுவிவிட்டார். தரைக்குப் பிறந்தவன் படுவான்கரை வயல்களில் உழவு மெஷின் ஓட்டினான், பிறகு லொறி ஓட்டினான், மக்டலினைக் கட்டினான், மகள் ஷெரோன் பிறந்த கையோடு கட்டாருக்குப் போனான். அங்கே ஒரு பெரிய வீட்டில் ஜீப் சாரதி. அந்த ஜீப்புக்குச் சிவப்புக் கான் ஒயில்தான் ஊற்றுவார்களாம். நெருப்பு வெயிலிலும் ஜீப் ஒரு இருமல் இருமியதில்லையாம். அந்த ஊர்க்காரர் புது ஜீப்பைப் புதிதாக இருக்கும்போதே விற்றுவிட்டு அடுத்ததை வாங்குகிறவர்கள், பிறகு எப்படி இருமும் என்று கேட்டேன். அவன் கானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஊருக்கு வந்து ஒரு சின்ன வெள்ளை ஜப்பான் கார் வாங்கி ஹயர் ஓடத் தொடங்கினான். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் ஆட்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல வாய், நல்ல மனம். கைப்பிள்ளைக்காரி ஏறினால் வீதியிலுள்ள ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லி விலக்குவான். அவனிடம் ஒரு குறையும் இல்லை, ஒயிலைப் பற்றி வாய் திறக்காதவரை. சிவப்பு ஊற்றினால் கார் தானாக மலை ஏறும், பச்சை ஊற்றினால் தள்ள ஆள் வேண்டும் என்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்றுதான். நாலாவது காலைக் காட்டினால் அது வால் என்பான்.

அவன் காரைப் பழுது பார்ப்பவர் ஏறாவூர் றவூப் நானா. மனுஷன் எஞ்சினைத் திறக்குமுன் பிஸ்மி சொல்வார், மூடிய பிறகுதான் தேத்தண்ணீர் குடிப்பார். அவருக்குப் பச்சையும் ஒன்று, சிவப்பும் ஒன்று. இருவரும் ஒயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் வானொலியைக் கூட்டி வைப்பேன்.

பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த அந்த வருஷத்துக்குப் பிறகு சிவப்புக் கான் கடைகளில் இல்லாமல் போயிற்று. டொலர் இல்லை, இறக்குமதி இல்லை. சில்வெஸ்டரின் முகத்தைப் பார்க்க ஏலாது. கொழும்பில் தெரிந்த ஒருவரைப் பிடித்து, கடைசியாக இருந்த ஒரு கானை எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டுதான் போனான்.

அந்தக் கிழமை அவர்களின் ஊர்க் கோயில் திருநாள். திருநாள் பூசை முடிந்ததும் வாகனங்களை மதிலோரம் வரிசையாக விடுவார்கள், ஃபாதர் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். சில்வெஸ்டர் காரைக் கழுவி நிறுத்தி, பொனட்டின் மேல் மக்டலினின் மெழுகுதிரிக் கூடையை வைத்து, பக்கத்தில் சிவப்புக் கானையும் வைத்திருக்கிறான். ஃபாதர் காருக்கும் தெளித்தார், திரிக்கும் தெளித்தார், கானுக்கும் தெளித்தார். அடுத்த நாள் றவூப் நானா அந்த ஒயிலைக் காருக்குள் ஊற்றினார். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் வந்து சொன்னதுதான்.

"அக்கா, கார் பறக்குது."

பறந்தது, பறந்தது, ஒயில் மாற்றும் காலமும் வந்தது. அவன் வரவில்லை. கேட்டால், "என்ட ஒயில் இரட்டைத் தூரம் ஓடும்" என்றான். மறுகா கேட்டால் வேறு கதைக்குத் தாவினான். அதற்குள் பச்சைக் கட்சியும் சிவப்புக் கட்சியும் சந்தியில் நின்று, மாற்றாமல் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று வாதாடத் தொடங்கிவிட்டன. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்கு நல்ல வியாபாரம்.

இதற்கிடையில் ஷெரோனுக்குப் பதுளையில் நேர்சிங் படிக்க இடம் கிடைத்தது. அவர்களின் பரம்பரையில் படிப்புக்காக ஊரை விட்டுப் போகிற முதல் பிள்ளை அவள்தான். சில்வெஸ்டர் சந்தியில் கண்டவருக்கெல்லாம் இனிப்பு ரொபி கொடுத்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவன் சொல்லிவந்தது ஒன்றுதான்: நீ எங்கே படிக்கப் போனாலும் நான்தான் கொண்டுபோய் விடுவேன், என் காரில்தான். இப்போது அது நடக்கப் போகிறது. எனக்கும் அது என் பிள்ளை போவது போலத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மலைப் பயணம் என்று றவூப் நானா காரைப் பார்க்க என் கடை வாசலுக்கே வந்தார். ஒயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்தார். துணி தார் பட்டது போல் ஆயிற்று.

"இதோட லுணுகலை மலையில ஏறினா எஞ்சின் இறுகிரும். சும்மா சொல்லல்ல, சில்வெஸ்டர். பொம்புளப் புள்ளயோட நடு ரோட்டுல நிக்கப் போறியா?"

"ஒயில் கறுத்தா அது வேலை செய்யுது எண்டுதானே நானா அர்த்தம்."

"வேலை செஞ்சு முடிஞ்சிட்டு எண்டு அர்த்தம். இப்பவே இறக்குவம்."

"வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது புதிதல்ல, ஆனால் இது நல்ல காரணத்தோடு வந்தது. "ஏன்டா தம்பி, உனக்கு மகளை விட அந்தச் சிவப்புக் கானா பெரிசு?" என்று கேட்டேன். சந்தியே திரும்பிப் பார்த்தது. அவன் பொனட்டை மூடிவிட்டுப் போனான். வாய்க்கு வாய் கொடுக்கிறவன் பேசாமல் போனதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் மக்டலின் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு சாமானும் வாங்க வரவில்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. தட்டில் இருந்த ஒயில் கான்களைத் தொட்டுத் தொட்டு நின்றாள்.

"அக்கா, பழைய ஒயிலை எடுக்காம மேலால புது ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தலாமா?"

"ஊத்தலாம். பழஞ்சோத்துக்கு மேல புதுச்சோறு போட்ட மாதிரி இரிக்கும். என்னகா நடக்குது உங்கட வீட்டுல?"

அப்போதுதான் சொன்னாள். அது மந்திரித்த ஒயில், திருநாளன்று ஃபாதர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தது. மந்திரித்த பொருளைக் கண்டபடி கொட்டக்கூடாது. பழைய குருத்தோலையை எரித்துச் சாம்பலாக்குவார்கள். உடைந்த செபமாலையைப் புதைப்பார்கள். ஆனால் றவூப் நானாவின் கராஜில் பழைய ஒயில் அழுக்குத் தட்டில் இறங்கி, ஊரிலுள்ள எல்லா லொறி ஒயிலோடும் பீப்பாவில் சேரும். அதைச் சில்வெஸ்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெளியே சொன்னால் சந்தி சிரிக்கும் என்று வெட்கம். அதனால்தான் இரட்டைத் தூரம் என்று கொம்பனியின் தலையில் கட்டிவிட்டிருக்கிறான்.

"அதுவும் இல்ல அக்கா," என்றாள் மக்டலின். "புள்ள வீட்டை விட்டுப் போற நேரம். மலை ரோட்டு. இந்த நேரத்துல ஆசீர்வாதத்தக் கழட்டிக் கொட்டிப்போட்டு எப்பிடிப் போறது எண்டு அழுறார்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. கோயிலில் தந்த பூ வாடினாலும் நான் குப்பையில் போடுவதில்லை, கால் படாத இடமாகப் பார்த்து மரத்தடியில்தான் வைப்பேன். கிழிந்த சாமிப் படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வருஷக்கணக்காக அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன தகுதி? முந்தின நாள் சந்தியில் வைத்து அவனைக் கேட்ட கேள்வி இப்போது எனக்கே சுட்டது. றவூப் நானாவுக்கு உடனே ஃபோனில் கோல் எடுத்தேன்.

அவர் வந்து முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று பயந்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"இத முதல்லயே சொல்லிரிக்கலாமே. எங்கடயிலயும் ஓதின தண்ணி மிஞ்சினா கண்ட இடத்துல ஊத்த மாட்டம். மரத்தடியிலதான் ஊத்துவம்."

"ஒயிலை மரத்தடியில ஊத்தினா மரம் பட்டுரும் நானா."

"அதுவும் சரி. புதைச்சா?"

"கிணத்துத் தண்ணியில ஒயில் மணக்கும்."

"ஆத்துல விட்டா?" என்று மக்டலின் மெல்லக் கேட்டாள். அவளே உடனே, "மாமா எழும்பி வந்து அடிப்பார்," என்றாள். மாமா என்றது சில்வெஸ்டரின் காலஞ்சென்ற தகப்பனை.

எரித்தால் கறுப்புப் புகை, ஊருக்கே இருமல். மூன்று பேரும் மூன்று சமயத்தையும் புரட்டிவிட்டோம். இந்த ஒயிலுக்கு மோட்சம் கிடைக்கிற வழி ஒன்றிலும் இல்லை. கடைசியில், "மந்திரிச்சவரிட்டயே கேப்பம்" என்று நான்தான் கடையைப் பூட்டினேன். போகும் வழியில் தன்னாமுனையில் சில்வெஸ்டரைப் பிடித்தோம். ஃபாதரிடம் போக மாட்டேன் என்று முதலில் அடம்பிடித்தான். மக்டலின் ஒரு பார்வை பார்த்தாள், வந்தான்.

ஃபாதர் இளவயது மனுஷன், அந்த ஊருக்கு வந்து கனகாலம் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் வளவில் வேலிக்கட்டைகளுக்கு நடுவில் நின்றார். சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு கதையைச் சொன்னான். கானைப் பொனட்டில் வைத்தது, தீர்த்தம் பட்டது, ஒயில் கறுத்தது, பிள்ளை போவது, எல்லாம். நாங்கள் மூவரும் குற்றவாளிகள் போலப் பின்னால் நின்றோம்.

ஃபாதர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தினை லீற்றர் இரிக்கும்?"

சில்வெஸ்டர் விழித்தான். "நாலு லீற்றர் ஃபாதர். கொஞ்சம் குறையும்."

"கொண்டாங்க. சேமக்காலைக்குப் புது வேலி போடப் போறம். இந்தக் கட்டையெல்லாம் கறையான் திண்டுரும். பழைய ஒயில் பூசினாக் கிட்ட வராது. யாரிட்டயாவது கேப்பம் எண்டுதான் இருந்தன்."

சேமக்காலை என்றால் அவர்கள் இறந்தவர்களை அடக்கும் இடம். சில்வெஸ்டரின் தாயும் தகப்பனும் அங்கேதான் கிடக்கிறார்கள். அவன் கட்டைகளைப் பார்த்தான், ஃபாதரைப் பார்த்தான்.

"அப்ப மந்திரிச்சது?"

"எங்க போகும்? உங்கட அப்பா அம்மாவைச் சுத்தி நிக்கும்."

அவனுடைய கண் நிறைந்தது. என்னுடையதும்தான். ஃபாதர் அதைப் பார்த்து இன்னும் உற்சாகமாகி, "புது ஒயிலையும் கொண்டாங்க, பயணத்துக்கு முதல் மந்திரிச்சுத் தாறன்" என்றார்.

"வேணாம் ஃபாதர்," என்றோம் நானும் றவூப் நானாவும் ஒரே வாயாக. "காரை மந்திரியுங்க, ஆளை மந்திரியுங்க. ஒயில்ல மட்டும் ஒரு துளி பட வேணாம்," என்றார் றவூப் நானா. "பட்டா இவன் இந்தப் பிறப்புல மாத்த மாட்டான்." ஃபாதர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கட்டை விழுந்துவிட்டது.

அன்று பின்னேரமே ஒயில் இறங்கியது. றவூப் நானா அழுக்குத் தட்டை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் பேசினை எடுத்து வந்து, கழுவித் துடைத்து, காருக்குக் கீழே வைத்தார். அவர் மனைவி அந்தப் பேசினை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். ஒயில் சொட்டி முடியும்வரை சில்வெஸ்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

இனிப் புது ஒயில். என்னிடம் அந்த இலக்கத்தில் இருந்தது பச்சைக் கான் மட்டும். சிவப்பு இன்னும் வரவில்லை, பயணமோ நாளை மறுநாள். சில்வெஸ்டர் கசாயத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். றவூப் நானா பழைய சிவப்புக் கானையும் புதுப் பச்சைக் கானையும் பக்கத்தில் வைத்து இலக்கத்தைக் காட்டினார். ஒரே இலக்கம்.

"இலக்கம் ஒண்டுதான் நானா. ஆனா பவர் வேற."

"ஊத்தட்டா, இல்லாட்டி பஸ்ஸுல போறியா?"

"ஊத்துங்க. ஆனா கேதீஸ்வரியக்கா எங்களோட வரணும். மலையில கார் இழுக்காட்டி சாட்சிக்கு ஆள் வேணும்."

நான் பிறந்ததிலிருந்து பதுளை வீதியில்தான் இருக்கிறேன். பதுளையை ஒருநாளும் கண்டதில்லை. உடனே சரி என்றேன். வீட்டுக்காரருக்குப் பிறகுதான் சொன்னேன்.

பயண நாள் விடிந்ததும் புறப்பட்டோம். முன்னால் ஷெரோன், பின்னால் நானும் மக்டலினும். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மூட்டை, மடியில் ஒரு மூட்டை, காலடியில் கருவாட்டுப் பார்சல். மகாஓயாவில் தேத்தண்ணீர் குடித்தோம். பிபிலை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சில்வெஸ்டர் ஏசியை நிறுத்தினான், பாட்டையும் நிறுத்தினான்.

"இனி ஒருத்தரும் கதைக்கப்படா. எஞ்சின் என்ன சொல்லுது எண்டு நான் கேக்கணும்."

வாயை மூடிக்கொண்டோம். ஏதாவது ஒரு திணறல் வந்தால் ஆயுள் முழுக்க நான் வாங்கிக் கட்டவேண்டும். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. குளிர் காற்று வந்தது.

"அப்பா," என்றாள் ஷெரோன். "எனக்குப் பயமா இரிக்கு."

அவன் கியரை இறக்கி இரண்டு வளைவைத் திருப்பினான். பிறகு சொன்னான். "நான் கட்டாருக்குப் போன முதல் கிழமை ஜீப்புக்குள்ள இருந்து அழுதனான். ஏசியைக் கூட்டி வச்சிட்டு அழுதன், முதலாளிக்குக் கேக்காம."

"எனக்கு எல்லாம் நல்லம் எண்டுதானே சொன்னீங்க?" என்றாள் மக்டலின் பின்னாலிருந்து.

"உனக்கு வேற எப்பிடிச் சொல்லுற? நீ கைப்பிள்ளையோட இருந்த." அவன் மகளைப் பார்த்தான். "இந்தப் புள்ளதான் எனக்கு ஆறுதல். ஃபோனுல இவள் அழுற சத்தத்தைக் கேக்கத்தான் காசு போட்டுக் கோல் எடுத்தன். சிரிச்ச நாளுல எனக்கு ஏமாத்தம், துணைக்கு அழ ஆளில்ல."

ஷெரோன் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவள் தொடங்கினாள். அப்பா முதன்முறை லீவில் வந்தபோது தான் அவரைக் கண்டு பயந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தது, அவர் கொண்டுவந்த பொம்மையைக் காட்டி ஒரு நாள் முழுக்கக் கூப்பிட்டது. அவன் மற்றக் கதை சொன்னான், மக்டலின் திருத்தினாள், நானும் நடுவில் என் பங்குக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டங்கள் வந்தன, போயின. இரண்டு லொறிகளை முந்தினான். லுணுகலை எப்போது கழிந்தது என்று யாருக்கும் தெரியாது. பசறையில் ஒரு கடையோரம் நிறுத்தியபோதுதான் சாட்சிக்காரியான எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

"தம்பி, ஒயில் எப்பிடி?"

"எந்த ஒயில் அக்கா?" என்றான்.

பதுளையில் விடுதி வாசலில் ஷெரோன் எங்கள் மூவரையும் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனாள். போகும்போதே இன்னொரு பிள்ளையோடு கதைத்துக்கொண்டு போனாள். அதைக் கண்டு மக்டலினுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. சில்வெஸ்டர் கதவு மூடும்வரை கையைக் காட்டிக்கொண்டு நின்றான், மூடிய பிறகும் கொஞ்ச நேரம் காட்டினான்.

திரும்பி இறங்கும்போது முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. யாருக்கும் கதை வரவில்லை. லுணுகலையும் கழிந்து, பிபிலைப் பக்கம் சமதரை தெரியத் தொடங்கியது. அப்போது அவன் வாயைத் திறந்தான்.

"இப்பதான் அக்கா எஞ்சின் சத்தம் கேக்குது."

"எப்பிடி இரிக்கு?"

"நல்லாத்தான் இரிக்கு." கியரை மாற்றினான். "ஏறக்குள்ளயும் நல்லாத்தான் இருந்திரிக்கும். நான் புள்ள கதைக்கிறதத்தான் கேட்டுக்கொண்டு வந்தன்."